புள்ளிகளில் ஒளிந்திருக்கும் பெயர்
பிள்ளைகளோடு பாஸ்கா மடல் செய்தல்

பெப்ரவரி மாதம் நடுப்பகுதியைத் தாண்டும்போது டென்மார்க்கின் பாலர் பாடசாலைகளில் கத்தரிக்கோல்கள் வெளியே வந்துவிடும். வெள்ளைத் தாளை நாலாகவும் எட்டாகவும் மடித்து, மடிப்பின் ஓரங்களிலே சிறு துளைகளை வெட்டி, பின் விரித்துப் பார்த்து வியக்கும் பிள்ளைகள் அதனை ஒரு மடலாக்கி வீட்டுக்குக் கொண்டுவருவர். டெனிஷ் மொழியில் அதற்குக் ‘கெக்கபிறேவ்’ என்று பெயர். ‘குறும்பு மடல்’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இந்நாட்டுப் பிள்ளைகள் உயிர்த்த ஞாயிறு வருமுன் உற்றாருக்கு அனுப்பும் வாழ்த்து மடல் இதுவே. கடையில் வாங்கிய அட்டை இதற்கு ஈடாவதில்லை.

இம்மடலின் நடுவே நான்கு வரியில் ஒரு சிறு பாட்டு இருக்கும். அனுப்பியவரின் பெயர் இராது. பெயரில் எத்தனை எழுத்துகள் உண்டோ அத்தனை புள்ளிகள் மாத்திரம் இருக்கும். கூடவே ஒரு சிறு வெள்ளைப் பூ. மடலைப் பெற்றவர் புள்ளிகளை எண்ணி, அனுப்பியவர் இன்னார் என்று பாஸ்காவுக்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அனுப்பியவர் அவருக்கு ஒரு சொக்கிலேற் முட்டை கொடுக்க வேண்டும்; கண்டுபிடிக்கத் தவறினால் முட்டைக் கடன் பெற்றவர் தலையில் விழும். சில வீடுகளில் மூன்று தடவை ஊகிக்க இடமளிப்பார்கள்.

அந்த வெள்ளைப் பூவுக்கு இந்நாட்டார் இட்ட பெயர் ‘வின்ரகெக்’. நிலத்திலே பனி இன்னும் கிடக்கும்போதே தலைகுனிந்த சிறு மணியாக இது பூத்துவிடும். வசந்தம் வந்துவிட்டதோ என்று மனிதரை மயக்கி ஏய்ப்பதனால் அதற்கு அப்பெயர். அந்த ஏய்ப்பே மடலின் பெயரிலும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கு அறியப்பட்டிருந்த இவ்வழக்கம் ஒரு காலத்தில் வளர்ந்தவர்கள் தமக்குள் ஆடிய விளையாட்டு. காலப்போக்கில் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. ஓடென்ச நகரிலே பிறந்த கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் (1805–1875) கதை சொல்லிக்கொண்டே பெரிய கத்தரிக்கோலால் தாள் வெட்டி, கதை முடிகையில் அதை விரித்துக் காட்டுவாராம். அவர் வெட்டிய தாள்கள் பல அவ்வூர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. தாள் வெட்டுவது இந்நாட்டில் சிறுபிள்ளை வேலையாக மட்டும் கருதப்படவில்லை என்பதற்கு அது சான்று.

இம்மடலில் சமயப் போதனை ஏதுமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சைவ வீடுகளில் இதனைச் செய்யலாமா என்று சில பெற்றோர் எம்மிடம் கேட்டதுண்டு. பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் ஒன்றிலிருந்து எமது பிள்ளையை விலக்கி வைப்பதற்கு நாம் ஒரு காரணமும் காணவில்லை.

எட்டா, நான்கா?

எமது வீட்டுக்குள் இம்மடல் நுழைந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மகள் பாலர் வகுப்பிலே படித்த ஆண்டு. வகுப்பில் செய்த மடல்களுள் ஒன்றை யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றாள். விளையாட்டின் விதியைத் தனியாக ஒரு துண்டில் எழுதி, உறையினுள் வைத்து அனுப்பிவைத்தோம். மடலின் அடியிலே எட்டுப் புள்ளிகள்.

மூன்று கிழமைக்குப் பின் தொலைபேசியில் அம்மா சொன்னார்: “பிள்ளை, வடிவான மடல். ஆனால் எட்டெழுத்துப் பேர் எங்கட குடும்பத்தில ஒருதருக்கும் இல்லையே. ஆற்றை பிள்ளை அனுப்பினது?”

அம்மாவின் கணக்கிலே பிழை இல்லை. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரின் பெயர்களையும் விரல்விட்டுத் தமிழில் எண்ணியிருக்கிறார். எமது மகளின் பெயர் தமிழில் நான்கெழுத்து. டெனிஷ் பாடசாலை இடாப்பிலோ அது எட்டெழுத்து. “அம்மம்மாவுக்கு எண்ணத் தெரியாதா?” என்று மகள் டெனிஷில் கேட்டபோது நாம் எல்லோரும் சிரித்துவிட்டோம். பிள்ளை நித்திரையான பின்தான் அந்தச் சிரிப்பு எமக்குச் சுட்டது. பிறந்த நாளும் நட்சத்திரமும் பார்த்து, நாலு பேரிடம் கேட்டு, தேடித் தேடி வைத்த பெயர். அப்பெயரை வைத்திருப்பவள் அதனைத் தமிழில் எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை. தமிழில் அது எழுதப்பட்டிருந்த ஒரே இடம், அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த சாதகக் குறிப்பு.

மறுநாள் மாலை சமையலறை மேசையில் அந்த நான்கு எழுத்துகளையும் பெரிதாக எழுதிக் காட்டினோம். அவற்றுள் ஒன்று மெய்யெழுத்து. “இந்த எழுத்தின் தலையில் முன்னமே ஒரு புள்ளி இருக்கிறதே, இதற்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டுமா?” என்று கேட்டாள். இத்தனை வருடம் தமிழ் எழுதி வந்த எமக்கு அக்கேள்வி தோன்றியதேயில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம் என்று நாம் விளக்கத் தொடங்குமுன்னரே, “அப்படியென்றால் இது புள்ளிக்கு ஒரு புள்ளி” என்று தானே முடிவு செய்து வைத்துவிட்டாள்.

வாசகர்கள் தமது வீட்டுப் பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். செந்தூரன் என்ற பெயருக்குத் தமிழிலே ஐந்து புள்ளி. இங்குள்ள எழுத்துகளில் ஒன்பது. கவிதாவுக்கும் மாலதிக்கும் தமிழில் மூன்று மூன்று, இவ்வெழுத்துகளில் ஏழேழு. அவ்விருவரும் ஒரே வீட்டிலிருந்தால் எந்த மொழியில் எண்ணினாலும் அம்மம்மா திண்டாட வேண்டியதுதான். ஊருக்குப் போகும் மடலில் தமிழ்ப் புள்ளி, பக்கத்து வீட்டுக்குப் போகும் மடலில் டெனிஷ் புள்ளி என்று எமது வீட்டில் இப்போது சட்டம். இரண்டையும் எண்ணத் தெரிந்த பிள்ளை தன் பெயர் இரண்டு இடத்திலும் இருப்பதை ஒருவரும் சொல்லாமலே விளங்கிக்கொள்கிறது.

வெட்டுவது எவ்வாறு?

செலவு மிகக் குறைவு. அகதிகள் முகாமில் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது எட்டக்கூடியதே. ஒரு வெள்ளைத் தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு பேனா போதும். தாள் மெல்லியதாக இருக்கட்டும். கணினி அச்சுக்குப் பாவிக்கும் சாதாரண தாளே சிறந்தது. தடித்த அட்டையை எட்டாக மடித்தால் பிள்ளையின் கையால் வெட்ட முடியாது. விரலில் கொப்புளம்தான் மிஞ்சும்.

தாளைச் சதுரமாக்குங்கள். ஒரு பக்கம் 20 சென்ரிமீற்றர் அளவு போதுமானது. இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் ஒரு சிறு சதுரம் கிடைக்கும். விரியாமல் மூடியிருக்கும் மூலையைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து குறுக்காக மடித்தால் முக்கோணம். அந்த மூடிய மூலையே தாளின் நடு. பாட்டு எழுதுவது அவ்விடத்தில்தான் என்பதால் அங்கே கத்தரிக்கோல் படக்கூடாது. மடிப்பு ஓரங்களில் அரை இதயம், அரைத் துளி, பிறை என்று வெட்டினால் விரிக்கும்போது முழு இதயமாகவும் இலையாகவும் மலரும். விரிந்த வெளி ஓரத்தை அலை அலையாக வளைத்து வெட்டலாம். ஒரு வெட்டுக்கும் மறு வெட்டுக்கும் இடையில் மடிப்பிலே சிறிது தாள் விட்டுவைக்க வேண்டும். ஓரம் முழுவதையும் வெட்டியெறிந்தால் தாள் துண்டு துண்டாய்க் கழன்றுவிடும். எமது மகன் ஒவ்வொரு வருடமும் முதல் தாளை இப்படித்தான் தொலைக்கிறான். அத்துண்டுகளை வீசாமல் நிறத்தாளில் ஒட்டி வேறொரு மடலாக்கிவிடுகிறோம்.

ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாலு மடிப்பும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் போதும். விரித்த தாளை ஒரு கனமான புத்தகத்தினுள் ஓரிரவு வைத்தால் மடிப்புச் சுருக்கம் படியும். நாம் வைப்பது பெரிய தமிழ் அகராதிக்குள். அகராதிக்கு இப்படியாவது வருடத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. பின்னர் அதனைப் பச்சை அல்லது மஞ்சள் தாளின்மேல் நுனிகளில் மட்டும் பசை தொட்டு ஒட்டினால் வேலைப்பாடு எடுத்துக் காட்டும். பூவை நாடாவால் கட்டலாம். ஆனால் அந்த வெள்ளைப் பூச்செடி, குறிப்பாக அதன் கிழங்கு, உண்டால் நஞ்சு. பறித்த பிள்ளைகள் கைகழுவிய பின்னரே சாப்பாட்டு மேசைக்கு வரட்டும். ஊருக்கு அனுப்பும் மடலில் பூவை வரைந்துவிடுவதே உத்தமம்.

இந்த வேலையில் அப்பாமாருக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதைக் கண்டிருக்கிறோம். தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். ஈர்க்கு வளைத்து, மெல்லிய நிறத்தாளை மடித்து வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டிய விரல்களுக்கு இந்த மடிப்பு ஒரு பொருட்டல்ல. வேலை முடிந்து களைத்து வந்து, பிள்ளையின் டெனிஷ் வீட்டுவேலையின் முன் ஒன்றும் விளங்காமல் ஒதுங்கி உட்காரும் தந்தை, இந்த மேசையில் ஆசிரியராகிவிடுகிறார். அம்மாமார் வாசலில் போட்ட புள்ளிக் கோலமும் இதற்குத் தூரமானதல்ல. ஒரு கால்பகுதி வடிவத்தை மனதில் வைத்து முழுவதையும் காண்பதுதான் இரண்டிலும் வித்தை.

பாட்டைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பெற்றோர் தாமே எழுதிக்கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் தகப்பனார் கடுந்தமிழில் எட்டு வரி இயற்றிக்கொடுக்க, பிள்ளை அதனை எழுத்தெழுத்தாகப் படம்போல் வரைந்து அனுப்பியது. தொலைபேசியில் பாட்டனார் “எங்கே, வாசி பார்ப்பம்” என்றபோது பிள்ளை அழுதுவிட்டது. பிள்ளையின் வாயில் வரும் சொற்களே போதும். எமது மேசையில் பிறந்தது இது:

பனிக்குள் பூத்த வெள்ளைப் பூ
பறந்து வருகுது உங்களிடம்
புள்ளி எண்ணிப் பார்த்திட்டுப்
பெயரைச் சொல்லுங்கோ என்னிடம்

முதலில் மகள் எழுதியது ‘உன்னிடம்’ என்றுதான். டெனிஷ் மொழியில் ஆசிரியரையும் அயலவரையும் பாட்டியையும் ஒரே சொல்லால், ‘நீ’ என்றே விளிப்பார்கள். அதில் அவர்களுக்கு மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அம்மம்மாவுக்கு ‘நீங்கள்’ ஏன் என்று விளக்க அன்று அரைமணி நேரம் பிடித்தது. தமிழ் வகுப்பில் பல மாதம் சொல்லியும் ஏறாத ஒன்று அந்த ஒரு சொல்லைத் திருத்தியபோது ஏறிற்று.

பெயரில்லாக் கடிதங்கள்

பெயர் எழுதாத கடிதம் எமது தலைமுறைக்குப் புதிதல்ல. 1983 யூலைக்குப் பின்னர், பெரும்பாலும் தனித்தனி இளைஞர்களாகவும் குடும்பத்தைப் பின்னே விட்டுவந்த தந்தையராகவும் இந்நாட்டுக்கு வந்தோம். ஊருக்கு எழுதிய கடிதம் யார் கையில் பிரிக்கப்படுமோ என்ற அச்சத்தில் பலர் அனுப்புநர் பெயரை எழுதாமலே விட்டனர். கையெழுத்தைக் கண்டு வீட்டார் அறிந்துகொண்டனர். புள்ளி வைத்து ஒளிந்து விளையாடும் இம்மடலைக் கையிலெடுக்கும் பெரியவர்கள் சிலர் ஒருகணம் பேசாமலிருப்பதற்கு அதுவும் காரணமாகலாம்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. 1987இல் அன்றைய டெனிஷ் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடப் பணித்தார். சட்டப்படி வரவேண்டிய மனைவியரும் பிள்ளைகளும் போர் நடக்கும் மண்ணில் காத்திருந்தனர். அது சட்டத்துக்கு மாறானது என்பது விசாரணையில் வெளிவந்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூற்றரின் அரசாங்கமே பதவி துறந்தது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் உயர் மன்று நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டது. ‘தமிழ் வழக்கு’ என்று இந்நாட்டு வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்ட அவ்விவகாரத்தின் வருடங்களில், தந்தையும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறிந்திருந்தது தாளிலே மட்டும்தான். ஊரிலிருந்து பிள்ளை வரைந்தனுப்பிய மாமரமும் கிணறும் இங்கே முகாம் அறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளே பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகிய நாட்களில், ஒரு பிள்ளை ஒரு முழுத்தாளைப் படத்துக்காகச் செலவழித்தது என்றால் அதன் பெறுமதியை நாம் அறிவோம்.

இன்று தாளுக்குக் குறைவில்லை. அனுப்பும் வழிதான் சுருங்கிவிட்டது. 1624இல் தொடங்கிய டென்மார்க்கின் அரச அஞ்சல் சேவை, 2025 டிசம்பர் 30ஆம் நாளோடு கடித விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. தெருமுனைச் சிவப்புப் பெட்டிகளும் அகற்றப்பட்டன. கடிதங்களை இப்போது ஒரு தனியார் நிறுவனம் ஏற்றிருக்கிறது. கடைகளில் உள்ள அதன் முகவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ‘படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன?’ என்று கேட்பவர்கள் எமது வீட்டிலும் உண்டு. அனுப்பலாம். ஆனால் அனுப்பியவரின் பெயர் படத்தின் தலையிலேயே வந்து நிற்கும். பிறகு புள்ளி எதற்கு? ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடும் எமது பழைய வழக்கம் இதற்கு மிகப் பொருத்தம். பக்கத்திலிருப்பவர்களுக்கு இரவோடிரவாகக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடிவிடலாம். டெனிஷ் பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள்.

எப்படி அனுப்புவதானாலும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 21ஆம் நாளோ அதன் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிறே பாஸ்கா என்பது பொதுக் கணக்கு. ஆகையால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகர்ந்துகொண்டிருக்கும். 2026இல் அது ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. ஊருக்கான மடலை ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பிவிடுவது நன்று.

கத்தோலிக்க, கிறிஸ்தவ வீடுகளுக்கு அனுப்பும் மடலில் மாத்திரம் சிறிது யோசனை வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டவர்களுள் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். டெனிஷ் குடும்பமொன்று தனது நான்கு பிள்ளைகளில் மூவரை அன்று கொழும்பில் இழந்தது. அவ்வாண்டு எமது பிள்ளைகளின் வகுப்புகளிலும் அதைப்பற்றிப் பேசினார்கள். அத்தகைய துயரைக் கண்ட வீட்டுக்கு ஏய்க்கும் மடலும் முட்டைப் பந்தயமும் வேண்டாம். அதே தாள் வேலையின் நடுவே ஒரு மெழுகுதிரி வரைந்து, கீழே பிள்ளையின் பெயரை ஒளிக்காமல் முழுவதாக எழுதி அனுப்புங்கள்.

அம்மம்மாவின் பதில்

எட்டுப் புள்ளியில் தோற்ற அம்மம்மா தமது கடனை மறக்கவில்லை. முட்டைக்குப் பதிலாக ஆவணியில் வந்த உறவினர் கையில் ஒரு பனங்கட்டிக் குட்டான் கொடுத்தனுப்பினார். அதன் ஓலைப் பின்னலை மகள் இன்றுவரை வைத்திருக்கிறாள்.

அடுத்த வருடம் நாம் மடல் வெட்டத் தொடங்குமுன்னரே ஊரிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே கொப்பித் தாள் ஒன்று, நாலாக மடித்து, ஓரங்களில் கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. நடுவே இரண்டு வரி. காய்ந்து பழுப்பேறிய வேப்பம்பூ. அடியில் நீல மையில் ஏழு புள்ளிகள்.

மகள் முதலில் ‘அம்மம்மா’ என்று எண்ணினாள், ஐந்து. பெரியம்மா, சித்தி, மாமாமார், மச்சாள்மார் எல்லோரையும் எண்ணினாள். ஒருவரும் ஏழுக்கு வரவில்லை. மூன்று ஊகமும் முடிந்தன. “அம்மம்மாதான்” என்று நாம் சொன்னபோது நம்ப மறுத்தாள். அம்மம்மாவுக்கு வேறொரு பெயர் இருக்கும் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதேயில்லை. அப்பெயரை நாம் சொல்ல, அவள் விரல் மடக்கி எண்ணி, ஏழாவது விரலில் நின்று எம்மை நிமிர்ந்து பார்த்தாள். அப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விளையாட்டு.

முட்டைக் கடன் இப்போது மகளிடம். யாழ்ப்பாணத்து வெயிலில் சொக்கிலேற் உருகிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம். ஆடி மாத விடுமுறையில் போகும்போது குளிர்ப்பைக்குள் வைத்துத் தானே கொண்டுபோவாளாம். அதற்கிடையில் அந்த ஏழு எழுத்துகளையும் பிழையில்லாமல் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.